அழித்தலும் அழிதலும்

மனிதன் எழுதக் கற்ற நாள்தொட்டு எழுதியதை அழிக்கவும் கற்றான். எழுதப்படும் பொருள் எத்தகையதோ, அழிக்கும் முறையும் அதற்கேற்றவாறு அமைந்தது. கல்லில் வெட்டிய எழுத்தை உளிகொண்டு செதுக்கினாலன்றி நீக்க இயலாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் காணப்படும் நடுகற்கள், பல நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் தாங்கி நின்று, போரில் மாண்ட வீரரின் செய்தியை இன்றும் அறிவிக்கின்றன. பனையோலையில் எழுத்தாணி கீறிய எழுத்தைத் துடைத்தல் இயலாது. பிழை நேர்ந்த இடத்தை அடித்துவிட்டு மேலே எழுதிச் செல்லுதலே ஏடு எழுதுவோர் கைக்கொண்ட வழி. பள்ளிச் சிறுவரின் கற்பலகையோ இவற்றிற்கு மாறானது. கோவையிலை கொண்டோ ஈரத்துணி கொண்டோ ஒருமுறை தேய்த்தால், அதில் எழுதிய கணக்கு முழுவதும் மறைந்துவிடும். தாளில் எழுதியது கிழித்தால் துண்டாகும், எரித்தால் சாம்பலாகும்.

இவற்றுள் எதிலும் ஐயத்திற்கு இடமில்லை. எழுத்து அழிந்ததா, அழியாமல் இருக்கிறதா என்பதைக் கண்ணே கூறிவிடும். கணினியில் பதியப்படும் செய்தியின் நிலை அவ்வாறன்று. அங்கே கண்ணுக்குத் தெரியாமற் போனதெல்லாம் அழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என்றும் இருக்கும் என்று நம்புதலும் ஆகாது. அழித்தல் என்னும் ஒரே சொல் அங்கே பல வேறு செயல்களைக் குறிக்கின்றது. அவற்றை வேறுபடுத்தி அறியாதவர் இருவகைத் துன்பங்களுக்கு ஆளாகின்றனர். தமக்கு வேண்டியதை இழந்துவிடுதல் ஒன்று. பிறர் காணலாகாததை அவர்தம் கையில் விட்டுச் செல்லுதல் மற்றொன்று.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் குந்தாரப்பள்ளி. வேப்பனப்பள்ளிக்குச் செல்லும் சாலை பிரியும் கூட்டுரோடு இங்கு உள்ளது. வெள்ளிக்கிழமைகளில் கூடும் இவ்வூர்ச் சந்தை ஆடு மாடு வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டினரேயன்றி அண்டையிலுள்ள கருநாடக, ஆந்திர மாநிலத்தாரும் அங்கே வருதலால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும். உழவும் கால்நடையும் மாந்தோப்புமே வாழ்வாக இருந்த இப்பகுதியில், ஓசூரிலும் சூளகிரியிலும் குருபரப்பள்ளியிலும் தொழிற்சாலைகள் பெருகியதால் புதியதோர் வாழ்வு தோன்றியுள்ளது. படிப்பை முடித்த இளைஞரும் மகளிரும் தொழிற்சாலை வேலையை நாடி நாள்தோறும் இச்சாலையில் பயணம் செய்கின்றனர்.

வேலைக்கு விண்ணப்பிப்பவர் முதலில் செல்லும் இடம் கணினி மையம். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு நூலின் முதற்பக்கம், ஒளிப்படம் ஆகியவற்றை அங்கே படியெடுத்துக் கணினியில் ஏற்றி விண்ணப்பத்துடன் அனுப்புகின்றனர். கட்டணத்தைச் செலுத்தி, தாளைப் பெற்றுக்கொண்டு, பேருந்தைப் பிடிக்க விரைகின்றனர். ஆனால், அவர்களுடைய சான்றிதழ்களின் படிகள் அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. சற்று விழிப்புடையவர், "அவற்றை அழித்துவிடுங்கள்" என்று கூறுவர். கடைக்காரரும் ஒரு விசையை அழுத்துவார்; கோப்பு திரையிலிருந்து மறையும். விண்ணப்பித்தவரும் மனநிறைவுடன் செல்வார். அந்தக் கோப்பு உண்மையில் எங்கே சென்றது? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் கணினி தன்னுள் செய்திகளை எவ்வாறு வைத்துக் காக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்திற்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. அத்தகைய ஆலை ஒன்றின் கிடங்கை எண்ணிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான தகரக்கலன்கள் அங்கே வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கலன் எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதைக் கணக்கர் ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருப்பார். கலன் வேண்டுமெனின் பேரேட்டைப் பார்த்து இடத்தை அறிந்து எடுத்து வருவர். பேரேடு இல்லையேல் கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் பயனில்லை.

கணினியின் வட்டும் இத்தகைய கிடங்கே. அதிலுள்ள கோப்புகள் கலன்களைப் போன்றவை. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அது வைக்கப்பட்டுள்ள இடத்தையும் குறிக்கும் பேரேடு ஒன்றும் அவ்வட்டிலேயே உள்ளது. திரையில் கோப்புகளை வரிசையாகக் காட்டி, அவற்றைத் திறக்கவும் நகர்த்தவும் அழிக்கவும் உதவும் நிரலுக்குக் கோப்பு மேலாளர் என்று பெயர். மாணவர் திரையில் காண்பது கோப்பன்று. பேரேட்டின் ஒரு வரியையே அவர் காண்கின்றார். இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் அழித்தலின் வகைகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

அழித்தலின் முதல் வகை, கோப்பை மறுசுழற்சித் தொட்டிக்கு அனுப்புதல். இதனைச் செய்வதற்குக் கோப்பு மேலாளரில் வழிகள் பல உள்ளன. கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்தலாம். சுட்டியின் வலப்பொத்தானைச் சொடுக்கினால் தோன்றும் பட்டியலிலிருந்து அழித்தலைத் தேர்ந்தெடுக்கலாம். மேற்பட்டையிலுள்ள பொத்தானை அழுத்தலாம். கோப்பையே இழுத்துச் சென்று தொட்டியின் உருவத்தின்மேல் விடலாம். வழிகள் வேறாயினும் விளைவு ஒன்றே. கோப்பு அதன் பழைய இடத்திலிருந்து மறைந்து தொட்டியில் தங்குகின்றது. கிடங்கின் உவமையிற் கூறினால், கலன் வெளியே கொண்டுபோகப்படவில்லை. 'திருப்பி அனுப்பத் தக்கவை' என்னும் வேறொரு தலைப்பின்கீழ் அதன் வரி மாற்றி எழுதப்பட்டது. அவ்வளவே.

மனிதர் தவறு செய்யும் இயல்பினர் என்பதை உணர்ந்தோர் அமைத்த ஏற்பாடு இது. 1983-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லிசா என்னும் கணினியின் திரையில் குப்பைக்கூடையின் உருவம் இடம்பெற்றது. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, மறுசுழற்சித் தொட்டியைக் கோடிக்கணக்கான மக்களுக்கு அறிமுகம் செய்தது. தொட்டியைத் திறந்து, வேண்டிய கோப்பைத் தேர்ந்து, 'மீட்டமை' என்று ஆணையிட்டால் அது முன்பிருந்த இடத்திற்கே மீண்டு வரும். அழித்த உடனேயே தவறு தெரியவருமாயின் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையைச் சேர்த்து அழுத்துதலும் போதும்.

ஆயினும் இத்தொட்டியை என்றும் காக்கும் பெட்டகமாகக் கருதலாகாது. அதற்கு ஓர் அளவு உண்டு. அளவு நிறையுமாயின் பழைய கோப்புகள் முதலில் வெளியேற்றப்படும். அளவினும் பெரிய கோப்பு தொட்டிக்குச் செல்லாமலே நீங்கும். விண்டோஸ் கணினியிற் செருகிய பென் டிரைவிலிருந்து அழிக்கப்படும் கோப்புகள் பொதுவாகத் தொட்டியிற் சேர்வதில்லை. பிணையத்தின் வழியே வேறொரு கணினியிலுள்ள கோப்பை அழித்தாலும் அவ்வாறே. "தொட்டியில் இருக்கும், பின்னர் எடுத்துக்கொள்ளலாம்" என்று நம்பிப் பென் டிரைவிலிருந்து கட்டுரையை அழித்த மாணவர் அதனைத் தொட்டியில் தேடி ஏமாற்றம் அடைவார்.

லினக்ஸ் கணினிகளில் நிலைமை வேறு. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் பள்ளி மாணவர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகளின் வாயிலாகப் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் நம் நாட்டுச் சிற்றூர்களுக்கும் சென்றது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த தளம் அது. லினக்ஸ் வகைத் தளங்களின் கோப்பு மேலாளர் வழியே பென் டிரைவிலிருந்து கோப்பை அழித்தால், அக்கோப்பு அந்தப் பென் டிரைவிலேயே மறைவாக உள்ள ஓர் அடைவிற்குப் பெரும்பாலும் சென்று தங்கும். அழித்தும் இடம் காலியாகவில்லையே என்று பலர் வியப்பதற்கு இதுவே காரணம். அதனை அறியாமல் பென் டிரைவைப் பிறரிடம் கொடுத்தால், அழித்ததாக எண்ணிய அனைத்தையும் அவர் கையில் ஒப்படைத்ததாகும்.

ஈண்டு மூன்று செய்திகளை இடையே குறித்தல் பொருந்தும். முகப்புத் திரையில் உள்ள குறுக்குவழி உருவத்தை அழித்தால் கோப்பு அழியாது. வீட்டுக்கு வழிகாட்டும் பலகையைப் பிடுங்கினால் வீடு இடிந்துவிடாததைப் போன்றது அது. மாறாக, ஓர் அடைவை அழித்தால் அதனுள் இருக்கும் அனைத்தும் உடன் அழியும். பெட்டியை எறிபவர் உள்ளிருப்பதையும் எறிந்தவரே ஆவார். மேலும், இணையச் சேமிப்பகத்துடன் ஒத்திசையும் அடைவிலிருந்து ஒரு கோப்பை ஒரு கணினியில் அழித்தால், அச்சேமிப்பகத்துடன் இணைந்த பிற கணினிகளிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் அது மறையும். கூகுள் டிரைவ் போன்றவை அழித்த கோப்பை 30 நாள் வரை தம் குப்பைத்தொட்டியில் வைத்திருந்து பின்னர் நீக்குகின்றன.

அழித்தலின் இரண்டாம் வகை, தொட்டியைக் கடந்து நீக்குதல். ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே டெலீட் விசையை அழுத்தினால், "நிலையாக அழிக்கலாமா?" என்று கணினி வினவும். ஆம் என்றால் கோப்பு தொட்டிக்கும் செல்லாமல் நீங்கும். தொட்டியைக் காலி செய்தலும், கட்டளை வரியில் அழித்தலுக்குரிய ஆணையை எழுதுதலும் இவ்வகையையே சாரும். திரையில் இப்போது கோப்பின் அடையாளம் எங்கும் இராது. 'நிலையாக' என்ற சொல்லைக் கண்டு, கோப்பு அடியோடு ஒழிந்தது என்றே பலரும் நம்புவர்.

உண்மை அதுவன்று. கணக்கர் பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டார். 'இவ்விடம் காலியாக உள்ளது' என்றும் எழுதிவிட்டார். கலனோ கிடங்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. புதிய சரக்கு வந்து அவ்விடத்தில் வைக்கப்படும் வரையில் அதனை யாரும் அசைப்பதில்லை. கணினியும் இவ்வாறே செய்கின்றது. பெரியதொரு கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் தேடித் துடைப்பதற்கு நெடுநேரம் ஆகும். பேரேட்டின் ஒரு வரியை அடிப்பதற்கு இமைப்பொழுது போதும். எனவே, விரைவைக் கருதி இம்முறை கையாளப்பட்டது.

1977-இல் உருவாகி, பின்னர் டாஸ் தளத்திலும் பென் டிரைவுகளிலும் பெருவழக்குப் பெற்ற ஃபேட் என்னும் பேரேட்டு முறை இதற்கு நல்ல சான்றாகும். அம்முறையில் ஒரு கோப்பு அழிக்கப்படும்போது, அதன் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு தனிக்குறியாக மாற்றப்படும். அது இருந்த இடங்கள் காலியானவை என்று குறிக்கப்படும். பெயரின் எஞ்சிய எழுத்துகளும் கோப்பின் உள்ளடக்கமும் அப்படியே இருக்கும். 1991-இல் வெளியான எம்.எஸ். டாஸ் 5-இல் அழித்ததை மீட்கும் ஆணை ஒன்று சேர்க்கப்பட்டது. அவ்வாணை தன்னைப் பயன்படுத்துவோரிடம், "கோப்பின் முதலெழுத்து யாது?" என்று வினவும். ஏனெனில், அழிந்தது அவ்வோர் எழுத்தே ஆகும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. வேண்டிய கோப்பைத் தவறி அழித்தவர் உடனே மனந்தளர வேண்டியதில்லை. ஆனால் அந்த வட்டில் மேலும் எதனையும் எழுதாமல் நிறுத்துதல் வேண்டும். படம் பார்த்தலும், புதிய நிரலை நிறுவுதலும், மீட்புக் கருவியையே அதே வட்டில் பதிவிறக்குதலும், காலியென்று குறித்த இடத்தில் புதிய சரக்கை ஏற்றுவதற்கு ஒப்பாகும். இது முதற்பாடம். வேண்டாத கோப்பை இவ்வாறு நீக்கியவர் அது பிறர்க்குக் கிட்டாது என்று அமைதி கொள்ளலாகாது என்பது இரண்டாம் பாடம். மீட்புக் கருவிகள் உரியவர்க்கு மட்டும் உதவுவன அல்ல; கையில் வட்டை வைத்திருப்பவர் யாராயினும் அவருக்கு உதவும்.

இங்கே புதுவகை வட்டுகளைப் பற்றியும் அறிதல் வேண்டும். சுழலும் காந்தத்தட்டுகளைக் கொண்ட பழைய வன்வட்டுகளைப்பற்றிக் கூறியதே மேலே உள்ளது. இப்போது பல மடிக்கணினிகளில் அசையும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்ம வட்டு உள்ளது. இவ்வகை வட்டிற்கு, "இன்ன இடங்கள் இனி வேண்டா" என்று இயங்குதளம் தெரிவிக்கும். டிரிம் எனப்படும் இவ்வேற்பாடு 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலாக விண்டோஸ் தளங்களில் அமைந்துள்ளது. செய்தி கிடைத்ததும் வட்டு தன் ஓய்வு நேரத்தில் அவ்விடங்களைத் துடைத்து வைக்கும். ஆகவே, அதில் நிலையாக அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் கைகூடாது. பழைய வட்டில் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு புதிய வட்டில் இல்லை என்பதை உணர்ந்து, ஷிஃப்ட் விசையைத் தொடுமுன் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

அழித்தலின் மூன்றாம் வகை, மேலெழுதித் துடைத்தல். கோப்பு இருந்த இடம் முழுவதிலும் சுழியங்களையோ பொருளற்ற குறிகளையோ எழுதிவிட்டால் பழைய செய்தி மறைகின்றது. கற்பலகையைத் தேய்த்துப் புதிதாக எழுதுவதை இது ஒக்கும். லினக்ஸ் தளத்தில் ஷ்ரெட் என்னும் ஆணையும், விண்டோஸ் தளத்தில் காலியிடத்தைத் துடைக்கும் சைஃபர் என்னும் ஆணையும் இப்பணியைச் செய்கின்றன. 1996-இல் பீட்டர் கட்மன் என்னும் அறிஞர் அக்காலத்து வட்டுகளுக்கென 35 முறை மேலெழுதும் முறையொன்றை வகுத்தார். பின்வந்த வன்வட்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மேலெழுதுதலே போதும் என்பது வல்லுநர் கொள்கை.

வட்டை வடிவமைத்தலிலும் இருவகை உண்டு. விரைவு வடிவமைப்பு பேரேட்டை மட்டும் புதிதாக்கும், சரக்கைத் தொடாது. முழு வடிவமைப்போ, விண்டோஸ் விஸ்டா முதலாகிய தளங்களில், வட்டு முழுவதும் சுழியங்களை எழுதும். 'வடிவமைத்துவிட்டேன்' என்று ஒருவர் கூறும்போது இவற்றுள் எதனைச் செய்தார் என்று கேட்டறிதல் வேண்டும். திண்ம வட்டுகளில் இம்முறையும் உறுதியானதன்று. ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது தேயும் என்பதால், அவ்வட்டு புதிய எழுத்தை வேறிடத்தில் எழுதிவைக்கும் இயல்புடையது. அதற்குரிய வழி, வட்டைச் செய்தவர் தந்த துடைப்பாணையைப் பயன்படுத்துதல். அல்லது தொடக்கத்திலேயே செய்திகளைக் குறியாக்கம் செய்து பூட்டிவைத்து, பின்னர் அதன் திறவுகோலை அழித்துவிடுதல். திறவுகோல் இல்லாத பூட்டிய எழுத்து யாருக்கும் பயன்படாது.

அமெரிக்க நாட்டின் தரநிலை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, சேமிப்புக் கருவிகளைத் தூய்மை செய்தலை மூன்று நிலைகளாகப் பிரித்துக் கூறியது. எளிய மீட்புக் கருவிகளுக்கு எட்டாதவாறு துடைத்தல் முதல் நிலை. ஆய்வுக்கூட முறைகளுக்கும் எட்டாதவாறு நீக்குதல் இரண்டாம் நிலை. கருவியையே அரைத்தோ உருக்கியோ எரித்தோ சிதைத்தல் மூன்றாம் நிலை. செய்தியின் மதிப்பு எத்துணையோ அத்துணை உறுதியான நிலையைத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமை. சந்தைக் கணக்கின் ஒருநாள் குறிப்புக்கும், ஆயிரம் பேருடைய வங்கிக் கணக்கு விவரங்களுக்கும் ஒரே முறை பொருந்தாது.

முறைகளை அறிந்தபின், அறியாமையால் விளையும் இடர்களைக் காண்டல் எளிது. இழத்தல் என்னும் இடருக்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1998-இல் பிக்சார் என்னும் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். அனைத்தையும் அழிக்கும் ஆணை ஒன்று, படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் தவறுதலாக இயக்கப்பட்டது. பணியாளரின் கண்ணெதிரிலேயே பாத்திரங்களின் உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மாற்றுப் படிகளை நாடியபோது அவையும் பழுதுற்றிருந்தமை தெரியவந்தது. பலருடைய நெடுநாள் உழைப்பு வீணாகும் நிலை ஏற்பட்டது. அப்போது, குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிவந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு படி இருந்தது நினைவுக்கு வந்தது. அக்கணினியைக் கண்ணாடிப் பாத்திரத்தைப்போல் காத்துக் காரில் ஏற்றிவந்தனர். 1999-இல் படம் வெளிவந்தது.

இதற்கு மாறாக, மேலெழுதியதால் மீளா இழப்பு நேர்ந்ததும் உண்டு. 1969-ஆம் ஆண்டு சூலை 20-ஆம் நாள் மனிதன் முதன்முதல் நிலவில் இறங்கினான். அந்நிகழ்ச்சியைத் தாங்கி விண்ணிலிருந்து வந்த குறிப்பலைகள் காந்த நாடாக்களில் பதிவாயின. நாசா நிறுவனம் தேடிப் பார்த்து 2009-இல் கூறிய முடிவு யாதெனின், நாடாத் தட்டுப்பாட்டினால் அவை துடைக்கப்பட்டு, வேறு செய்திகளைப் பதிவதற்குப் பயன்பட்டிருத்தல் கூடும் என்பதே. தொலைக்காட்சி நிலையங்களிலும் பிற இடங்களிலும் இருந்த படிகளே அக்காட்சியை உலகிற்குக் காத்துத் தந்தன.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் காத்தது மற்றொரு படியே ஆகும். இவ்வுண்மை தமிழருக்குப் புதியதன்று. ஓலை செல்லரித்து ஒடியுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்த பெயர் தெரியாத முன்னோரால்தான் பழைய இலக்கியங்கள் பிழைத்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, பல இடங்களிலிருந்து பெற்ற ஏட்டுப் படிகளை ஒப்பிட்டே தூய பாடத்தைக் கண்டார். ஒரு படி சிதைந்த இடத்தை மற்றொரு படி நிரப்பியது. கணினி வல்லுநரும் இதனையே விதியாக வகுத்துள்ளனர்: படிகள் மூன்று இருத்தல் வேண்டும், அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும்.

எஞ்சிவிடுதல் என்னும் இடர் இழத்தலினும் கொடியது. ஏனெனில் அது நேர்ந்ததை உரியவர் அறிவதே இல்லை. அமெரிக்க ஆய்வாளர்களாகிய சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும், பிறர் பயன்படுத்திக் கைவிட்ட 158 வன்வட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கும் நிலையிலிருந்த 129 வட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றுள் கடிதங்களும், மருத்துவக் குறிப்புகளும், 5000-க்கும் மேற்பட்ட கடனட்டை எண்களும் கிடைத்தன. ஒரு வட்டு, வங்கியின் பணம் வழங்கும் எந்திரத்திலிருந்து வந்தது. விற்றவருள் பலர் தம் கோப்புகளை அழித்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர். அவர்கள் அழித்தது பேரேட்டை மட்டுமே.

குந்தாரப்பள்ளிக் கூட்டுரோட்டிலாயினும் வேறெந்த ஊரிலாயினும், பொதுக் கணினியில் தம் சான்றிதழைத் திறப்பவர் இப்போது தாம் செய்ய வேண்டியதை அறிவர். கோப்புகளைக் கூடுமானவரை தம் பென் டிரைவிலிருந்தே திறந்து அச்சிடலாம். கணினியில் படி தங்கியதாயின், பதிவிறக்க அடைவிலும் முகப்புத் திரையிலும் தேடி, ஷிஃப்ட் விசையுடன் அழிக்கலாம். தொட்டியையும் திறந்து பார்த்துத் தம் கோப்பு இருப்பின் நீக்கலாம். வாட்ஸ்அப் வழியே கடைக்கு அனுப்பியிருப்பின் அச்செய்தியையும் நீக்குமாறு கேட்கலாம். மின்னஞ்சலைத் திறந்திருப்பின் வெளியேறிய பின்னரே எழுதல் வேண்டும். ஆதார் படி கேட்கப்படும் இடங்களில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட படியை ஏற்பார்களாயின் அதனையே கொடுக்கலாம். இவை முற்றிலும் துடைத்தல் ஆகா. எனினும், அடுத்து வந்து அமர்பவரின் கண்ணிலும் கையிலும் எளிதாகச் சிக்காதவாறு காக்கும். பழைய கணினியையோ கைப்பேசியையோ விற்பவர் முழுத் துடைப்புச் செய்த பின்னரே விற்றல் வேண்டும்.

கணினி மையம் நடத்துவோருக்கும் இதில் கடமை உண்டு. ஊராரின் சான்றிதழ்கள் அவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. நாள் முடிவில் அவற்றை நீக்கி, தொட்டியைக் காலி செய்து கடையை மூடுதல், தானியம் அளந்தபின் பிறர் மரக்காலைத் திருப்பித் தருவதைப் போன்ற நேர்மையாகும். 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்நோக்கத்திற்காக ஒருவர் விவரம் பெறப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறியபின், வேறு சட்டம் வைத்திருக்கக் கூறினாலன்றி, அதனை நீக்குதல் வேண்டும் என்று விதிக்கின்றது.

பிறருடைய கோப்பை அழித்தலோ வேறு. வகுப்புத் தோழரின் பயிற்சியை விளையாட்டாக அழிப்பவரும், பகைமையால் அலுவலகக் கணக்கை அழிப்பவரும் ஒரு விசையைத்தான் அழுத்துகின்றனர். ஆனால், அழிவது மற்றொருவரின் உழைப்பு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், உரியவர் இசைவின்றி அவர் கணினியிலுள்ள தகவலை அழிப்பவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்கிறது. வஞ்சக எண்ணத்துடன் அதனைச் செய்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

எனவே, அழிக்கும் விசையின்மீது விரலை வைப்பவர் மூன்று வினாக்களைத் தம்முள் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இது என்னுடையதா? இதற்கு வேறொரு படி உண்டா? இது மறைந்தால் மட்டும் போதுமா, அழிதலும் வேண்டுமா? முதல் வினா அறத்தைப் பற்றியது. இரண்டாவது காப்பைப் பற்றியது. மூன்றாவது முறையைப் பற்றியது. இம்மூன்றிற்கும் விடை தெரிந்தபின் விசையை அழுத்துபவர், வேண்டியதை இழந்து வருந்தார். வேண்டாததை விட்டுச் சென்று பின்னர் நாணவும் மாட்டார்.